கைகொடுத்த மருந்து

மனித தேகத்தில் முகத்துக்கு அடுத்தபடியாக ஊரார் கண்ணில் படுவது கைதான். காலில் புண் இருந்தால் வேஷ்டியால் மூடிக்கொள்ளலாம். முதுகில் படை இருந்தால் சட்டை மறைத்துவிடும். கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? பெரியோரைக் கும்பிடக் கை வேண்டும். விருந்தாளிக்கு இலை போட்டுப் பரிமாறக் கை வேண்டும். கோயிலில் திருநீறு வாங்கக் கை நீட்ட வேண்டும். கல்யாணப் பந்தலில் அட்சதை தூவக் கை வேண்டும். போதாக்குறைக்கு, நாம் உண்பதும் கையால்தான். ஆகையால் கையில் ஒரு சரும வியாதி வந்துவிட்டால் அது சருமத்தோடு நின்றுவிடுவதில்லை. மனிதனுடைய சமூக வாழ்க்கை முழுவதையும் பற்றிக்கொள்கிறது.

அத்தகைய வியாதிகளில் ஒன்றுக்குச் 'சொரியாஸிஸ்' என்று பெயர். சித்த வைத்தியர்கள் இதைக் காளாஞ்சகப்படை என்கிறார்கள். உள்ளங்கை தடித்துச் சிவக்கும். வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். ரேகைகளின் வழியே பாளம் பாளமாக வெடித்து இரத்தம் கசியும். நாம் ஆறு வருஷங்களாக இந்த வியாதியோடு குடித்தனம் நடத்தி வருகிறோம். அதன் குணாதிசயங்களை ஒருவாறு அறிந்திருக்கிறோம் என்ற உரிமையில்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கைத்தொழில் ஊரில் கை வியாதி

நம் ஊராகிய சதுரங்கப்பட்டினம் கையின் திறமையால் பெயர் பெற்ற ஊர். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே வந்து இறங்கியது நம் கடற்காற்றை அனுபவிப்பதற்காக அல்ல. இப்பக்கத்து நெசவாளர் கைகளில் பிறந்த மெல்லிய துணியை வாங்கி விற்பதற்காகத்தான். அவர்கள் கட்டிய கோட்டை இன்று இடிந்த சுவர்களோடு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கைகள் மட்டும் ஓயவில்லை. வலை இழுக்கும் கை, மீன் ஆயும் கை, நாற்று நடும் கை, பாத்திரம் தேய்க்கும் கை என்று இங்கே எல்லோருக்கும் கைதான் மூலதனம். உபாத்தியாயருக்கும் அப்படியே. கரும்பலகையில் எழுதாமல் கணக்குப் பாடம் எப்படி நடக்கும்?

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சொரியாஸிஸ் உள்ள சருமத்தில் எங்கே உராய்வும் காயமும் ஏற்படுகின்றனவோ அங்கே புதிய படை தோன்றும் இயல்பு உண்டு. ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மன் வைத்தியர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைக் கண்டு எழுதினார். ஆகவே எந்தக் கை அதிகம் உழைக்கிறதோ அந்தக் கைக்கே தண்டனையும் அதிகம். வலைக்கயிறு, சோப்பு, சாம்பல், சிமெண்டு, சாக்குக் கட்டியின் தூள் ஆகிய எல்லாம் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

வியாதியின் காரணந்தான் என்ன? நம் மேல்தோலின் அடியில் புதிய அணுக்கள் பிறந்து, மெள்ள மேலே வந்து, உலர்ந்து உதிர்வதற்குச் சாதாரணமாக ஒரு மாதம் ஆகிறது. சொரியாஸிஸ் உள்ள இடத்தில் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் இந்தப் பிரயாணம் முடிந்துவிடுகிறது. பக்குவப்படாத அணுக்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து செதிலாகின்றன. இப்படி அவசரப்படுத்துவது எது? வெளியிலிருந்து வரும் கிருமி அல்ல. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல் படையே காரணமின்றிக் கலகம் செய்து, சருமத்தைத் தூண்டிவிடுகிறது. இதற்கு ஏதுவான சுபாவம் சில குடும்பங்களில் தலைமுறையாக வருவதுண்டு. ஆனால் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்று சொல்வதற்கில்லை.

கிருமி இல்லாத இடத்தில் தொற்று எங்கிருந்து வரும்? தொட்டாலும், கூட உண்டாலும், ஒரே துண்டால் துடைத்துக்கொண்டாலும், தம்பதிகளாக ஐம்பது வருஷம் வாழ்ந்தாலும் இந்த வியாதி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவாது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இக்கட்டுரை எழுதிய பலன் கிட்டிவிடும்.

குஷ்டமோ என்ற பயம்

தொற்றாது என்று சொல்வது சுலபம். பிறரை நம்பச் செய்வதுதான் கஷ்டம். ஒரு நாள் மாலை நம் மாணவன் ஒருவனுடைய பாட்டி வீட்டு வாசலில் வந்து நின்றார். நெடுநேரம் தயங்கிவிட்டு, "வாத்தியாரையா, தப்பா நெனச்சுக்காதீங்க. பையன் நோட்டை நீங்கதானே வாங்கித் திருத்துறீங்க? அது... குழந்தைங்களுக்கு ஒட்டிக்காதே?" என்று கேட்டார்.

"ஒட்டாது, அம்மா. நம்ம தாயார் ஆறு வருஷமா இந்தக் கையாலதான் மருந்து வாங்கிச் சாப்பிடறாங்க. அவங்களுக்கு ஒண்ணுமில்லையே!" என்றோம்.

பாட்டி சமாதானம் அடைந்து போனார். நேரில் கேட்ட அந்த அம்மாள் எவ்வளவோ மேலானவர். கேட்காமலே விலகுகிறவர்களும், பிரசாதத்தைக் கையில் வைக்காமல் எட்ட இருந்து போடுகிறவர்களுந்தான் மனத்தைப் புண்படுத்துகிறார்கள்.

அவர்களையும் குறை கூறிப் பயனில்லை. மேல்நாட்டு வைத்திய சாஸ்திரமே நெடுங்காலம் இந்த இரண்டு வியாதிகளையும் குழப்பிக்கொண்டுதான் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ராபர்ட் வில்லன் என்ற வைத்தியர் இதைத் தெளிவாக வர்ணித்தார். ஆனால் குஷ்டத்துக்குரிய 'லெப்ரா' என்ற பெயர் அவருடைய நூலிலும் இதை விட்டு விலகவில்லை. 1841-ல் வியன்னாவில் பெர்டினாண்ட் ஹெப்ரா என்பவர்தான் இது வேறு, அது வேறு என்று பிரித்து வைத்தார். வைத்தியர்கள் பிரித்து இத்தனை காலம் ஆகியும், தெருவில் இன்னும் பிரியவில்லை.

செங்கற்பட்டுச் சீமையில் இருக்கும் நாம் இவ்விஷயத்தில் அறியாமைக்கு இடம் கொடுப்பது நியாயமல்ல. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் குஷ்டரோக நிலையம் உலகப் பிரசித்தி பெற்றது. 1930-களில் அங்கே தலைமை வைத்தியராக வந்த ராபர்ட் காக்ரேன் குஷ்ட வைத்தியத்தில் நிகரற்றவராக மதிக்கப்பட்டார். 1947-ல் வேலூரிலிருந்து அங்கு வந்த பால் பிராண்ட் என்ற இளம் ரண வைத்தியர், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைப் பற்றி அழுத்தச் சொன்னார். அந்தக் கையில் இருந்த வலிமை அவரைத் திடுக்கிட வைத்தது. முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் திருத்தும் பெரும் பணிக்கு அந்த நிமிஷமே வித்தாயிற்று. 1955 முதல் அந்த ஸ்தாபனம் மத்திய சர்க்காரின் குஷ்டரோகப் போதனை ஆராய்ச்சி நிலையமாயிற்று.

குஷ்டத்தில் கை கெடுவதற்கு முக்கிய காரணம் உணர்ச்சி அற்றுப்போவதே. சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. சொரியாஸிஸ் கையோ உப்புப் பட்டால் துடிக்கும். மிளகாய் பட்டால் உயிர் போகும். வேதனை இருப்பதும் ஒருவகையில் ஆறுதலே! இதைக் கொண்டு யாரும் தமக்குத்தாமே வைத்தியம் தீர்மானித்துக்கொள்ள வேண்டாம். உணர்ச்சியற்ற தேமல் எங்கு கண்டாலும் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். குஷ்டத்துக்கும் 1980-களிலிருந்து பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை ஏற்பட்டு, அது பூரணமாகக் குணமாகிறது, மருந்தும் இலவசம். எனவே அந்த நோயாளிகளை ஒதுக்குவதற்கும் இன்று நியாயம் கிடையாது.

வியாதி ஒன்று, வைத்தியர் பலர்

நம் நாட்டில் ஒருவனுக்கு வியாதி வந்துவிட்டால் ஊரில் அனைவரும் வைத்தியர்கள். "கத்தரிக்காயை நிறுத்து" என்றார் ஒருவர். "கருவாட்டைக் கண்ணால் பார்க்காதே" என்றார் மற்றொருவர். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னவர்கள் உண்டு. திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தத்தில் முழுகச் சொன்னவர்கள் உண்டு. விடியற்காலையில் கடலில் கையை நனைக்கும்படி ஒரு நண்பர் யோசனை சொன்னார். வெடித்த கை உப்பு நீரில் பட்டால் என்ன ஆகும் என்பதை அந்த நண்பருக்கு நாம் விளக்க வேண்டியதாயிற்று!

ஒரு வைத்தியர் ஓர் ஊசி போட்டார். பத்தே நாளில் கை பளிங்குபோல் ஆகிவிட்டது. வீட்டில் அனைவருக்கும் பரமானந்தம். ஆனால் அடுத்த மாதம் போன வியாதி தன் சுற்றத்தாரையும் அழைத்துக்கொண்டு திரும்பியது. ஸ்டீராய்டு என்னும் மருந்தை இவ்வியாதிக்கு ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுத்து நிறுத்தினால் நோய் முன்னிலும் உக்கிரமாகக் கிளம்பக்கூடும் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். பெயர் ஒட்டாத பொட்டணங்களிலும், மூன்று நாளில் குணம் என்று விளம்பரம் செய்யும் களிம்புகளிலும் இதே மருந்து ஒளிந்திருப்பதுண்டு. மருந்தின் பெயரைச் சொல்ல மறுக்கும் வைத்தியரிடம் மருந்து வாங்காதிருப்பது நலம்.

கடைசியாகத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறி, செங்கற்பட்டு அரசாங்க ஆஸ்பத்திரியின் சரும வியாதிப் பகுதிக்குச் சென்றோம். அங்கே சோதித்த முறையே நம்பிக்கை ஊட்டுவதாக இருந்தது. முதலில் செதிலைச் சுரண்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்து, படர்தாமரை அல்ல என்று தெரிந்துகொண்டார்கள். பஞ்சால் வருடி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார்கள். சோப்பு, சிமெண்டு முதலியவற்றால் வரும் ஒவ்வாமைப் படையும் உள்ளங்கையில் இதேபோல் தோன்றும் என்பதால் தொழிலைப் பற்றி விசாரித்தார்கள். நகங்களில் ஊசி குத்தினாற்போன்ற குழிகள் இருக்கின்றனவா, முழங்கையிலும் தலையிலும் செதில் உண்டா, காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் விறைக்கின்றனவா என்று கேட்டார்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. சிலருக்கு இந்த வியாதி மூட்டுகளையும் தாக்கும். கவனியாது விட்டால் மூட்டுகள் கெட்டுப்போகும்.

பிறகு வைத்தியர் சொன்னது இதுதான்: "இதை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் உலகத்தில் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் நிறைய இருக்கின்றன. பொறுமை உங்களுடையதாக இருக்கட்டும், மருந்து எங்களுடையது."

இரண்டு கட்டமாகச் சிகிச்சை நடந்தது. முதற்கட்டத்தில், தடித்த செதிலை இளக்குவதற்குச் சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு. அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு களிம்பு. களிம்பாகப் பூசும்போதுகூட இதற்கு நாள் கணக்கு உண்டு; வைத்தியர் சொன்ன வாரங்களுக்கு மேல் பூசினால் தோல் மெலிந்துவிடும். இரவில் கையை வெந்நீரல்லாத சாதாரண நீரில் நனைத்து, ஈரம் முழுதும் உலருமுன் வாஸலைன் தடவி, பருத்திக் கையுறை அணிந்து படுப்பது. அற்ப விஷயமாகத் தோன்றும் இந்தக் காரியம் செய்த உபகாரம் சொல்லி முடியாது. வெடிப்பு மூடியது, பேனா பிடிக்க முடிந்தது. காரமான சோப்பைத் தள்ளினோம். சாக்குக் கட்டியைச் சுற்றிக் காகிதம் சுருட்டிக்கொண்டு எழுதினோம்.

ஆயினும் களிம்பை நிறுத்தியதும் படை தலைகாட்டியது. இரண்டாம் கட்டமாக இரத்தப் பரிசோதனைகள் செய்து, கல்லீரல் முதலியவை சரியாக இருக்கின்றன என்று கண்டபின், 'மெதோட்ரெக்ஸேட்' என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. முதல் ஒன்றரை மாதம் பெரிய மாறுதல் தெரியவில்லை. மூன்றாம் மாதம் உள்ளங்கையில் மறைந்துபோயிருந்த ரேகைகள் மறுபடி தோன்றின. நான்காம் மாதம் சாதத்தில் ரசத்தைப் பிசைந்து உண்டோம். ரசம் சாதம் சாப்பிட்டதை ஒரு வெற்றியாக எழுதுகிறார்களே என்று சிரிப்பவர்கள், ஒரு வருஷம் கரண்டியால் சாப்பிட்டுப் பார்க்கட்டும்!

மாத்திரைக்குப் பின்னால் ஒரு மனிதர்

நமக்கு உதவிய இந்த மருந்தின் பூர்வோத்தரத்தை விசாரித்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அதன் வேர் நம் சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த ஓர் இந்தியரிடம் போய் முடிந்தது. அவர் பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895-ல் அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சென்னையில் வைத்தியம் படிக்கும்போது காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைச் சிகிச்சை அறைக்கும் கதர் அங்கி அணிந்து சென்றார். ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அதன் விளைவாகச் சுப்பாராவுக்குப் பெரிய பட்டம் கிடைக்காமல், அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அவருடைய சகோதரர்கள் குடலைப் பற்றும் ஸ்ப்ரூ என்ற நோயினால் அடுத்தடுத்து மாண்டனர். அந்தத் துக்கம் அவரை ஆராய்ச்சியில் தள்ளியது. அமெரிக்கா சென்று, ஹார்வர்டு சர்வகலாசாலையிலும், பின்னர் லெடர்லே ஆராய்ச்சிச் சாலையிலும் இரவு பகலாக உழைத்தார்.

லெடர்லேயில் அவருடைய தலைமையில் இருந்த குழுவினர் 1940-களில் போலிக் அமிலம் என்ற உயிர்ச்சத்தைச் செயற்கையாகச் செய்தனர். ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. பிறகு அந்தச் சத்துக்கு நேர் விரோதமாக வேலை செய்யும் அமினாப்டெரின், மெதோட்ரெக்ஸேட் என்ற பொருள்களும் அங்கே பிறந்தன. பாஸ்டன் நகரில் ஸிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்துச் சிறிது காலமாவது நோயைத் தணித்துக் காட்டினார். 1951-ல் ரிச்சர்ட் கப்னர் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய தோழர்களும் மூட்டுவாத நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது, சொரியாஸிஸ் படைகளும் மறைவதைக் கண்டார்கள். அமினாப்டெரினைவிட அபாயம் குறைந்த மெதோட்ரெக்ஸேட் அதன் ஸ்தானத்தைப் பெற்றது.

சுப்பாராவ் இதைக் காண இருக்கவில்லை. 1948 ஆகஸ்டில், சுதந்திர இந்தியாவுக்கு ஒரு வயது நிறையும் தறுவாயில், நியூயார்க்கில் காலமானார். மெதோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்களுக்கு அதன் கெடுதலைத் தணிக்க வைத்தியர்கள் வேறொரு நாளில் போலிக் அமிலமும் கொடுக்கிறார்கள். ஆகவே வாரத்தில் ஒரு நாள் அவருடைய ஒரு மருந்தையும், மற்றொரு நாள் அவருடைய இன்னொரு மருந்தையும் விழுங்குகிறோம். பெரிய பட்டம் பெறாத அந்தக் கதர் மாணவரை உலகமெங்கும் எத்தனை நோயாளிகள் தம்மை அறியாமலே வாழ்த்துகிறார்கள்!

ஓர் எச்சரிக்கை

நன்றியுணர்ச்சியில் அபாயத்தை மறைத்துவிடக் கூடாது. மெதோட்ரெக்ஸேட்டை இவ்வியாதிக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினசரி மாத்திரை என்று எண்ணிச் சாப்பிட்டவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள். நம் வீட்டில் தினசரிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் மட்டும் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறோம். அந்தத் தாளைக் கிழிக்கும் பொறுப்பு தாயாருடையது. கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க விரும்பும் ஸ்திரீகளும் இதைத் தொடவே கூடாது. மதுபானம் ஆகாது. குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாமல் மருந்தை நீட்டிக்கலாகாது. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி மற்றொருவர் மருந்து வாங்குவது நம்மவர் வழக்கம். இந்த மருந்தில் அது தற்கொலைக்குச் சமானம்.

எல்லோருக்கும் இதே மருந்துதான் என்பதுமில்லை. சிலருக்குக் களிம்பே போதும். சிலருக்கு ஒளிச் சிகிச்சை நன்மை செய்கிறது. வெண்குஷ்டத்துக்கு நம் முன்னோர் பயன்படுத்திய கார்போகரிசியில் உள்ள ஸோராலென் என்ற பொருளின் வகையைச் சேர்ந்த மருந்தையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்து 1974-ல் பாஸ்டனில் சொரியாஸிஸுக்குச் சிகிச்சை செய்து காட்டினார்கள். கையை மட்டும் மருந்து நீரில் ஊற வைத்து ஒளி காட்டும் முறையும் பின்னர் வந்தது. சித்த வைத்தியத்தில் வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு, வெயிலில் வைத்து, ஊதா நிறம் ஏறியதும் எடுக்கும் தைலம் பிரசித்தமானது. அதை நாடுபவர்கள் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த நிறுவனம் போன்ற இடங்களில் பயின்ற வைத்தியரிடம் கேட்டுச் செய்வது உத்தமம். கடுமையான நோய்க்குப் புதிய ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. 2013-ல் பெங்களூரிலேயே தயாரான ஐடோலிசுமாப் என்ற மருந்துக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஆனால் இவ்வகை ஊசிகளின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுவதாக இல்லை. மெதோட்ரெக்ஸேட்டோ, ஏழைக்கும் எட்டும் பழைய மாத்திரை.

2014-ல் உலக சுகாதார சபை இவ்வியாதியைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றி, இது தொற்றாத வியாதி என்பதை உலக நாடுகளுக்கெல்லாம் எடுத்துச் சொன்னது. தீர்மானங்கள் ஜெனிவாவில் நிறைவேறலாம். அவற்றை நடத்தி வைக்க வேண்டிய இடம் நம் வீட்டுச் சாப்பாட்டுக் கூடமும், பள்ளிக்கூடமும், கல்யாணப் பந்தலுமே.

நேயர்கள் குடும்பத்திலோ அண்டை அயலிலோ இந்த வியாதியால் வருந்துகிறவர் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்குக் கைமருந்து சொல்ல வேண்டாம். அனுதாபச் சொற்பொழிவும் வேண்டாம். நல்ல சரும வைத்தியரிடம் துணைக்குப் போய் வாருங்கள். அடுத்த பண்டிகைக்குப் பட்சணத் தட்டை அவர் கையிலேயே கொடுத்து, எல்லோருக்கும் பரிமாறச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.